கருத்துப் பெட்டியில் எழுதாதவர்களும் சாப்பிடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உணவைப் பற்றி மக்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளைக் கணினியைக் கொண்டு படிக்கச் செய்தால் எந்த ஊரார் எதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்ற செய்திகள் அண்மைக் காலமாகத் தங்கள் நாளிதழ் உட்படப் பல இடங்களில் வெளிவருகின்றன. உணர்வுப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். கல்லூரி மாணவர்கள் சென்டிமென்ட் அனாலிசிஸ் என்றே சொல்கிறார்கள். உணவகம் நடத்துவோர் தங்கள் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுக்க இதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. லாபமும் நட்டமும் அவர்களுடையது. ஆனால் பள்ளிக் காலை உணவு, நியாயவிலைக் கடைப் பொருள்கள் போன்று பொதுப்பணத்தில் நடக்கும் திட்டங்களுக்கும் மக்கள் விருப்பத்தை இவ்வழியே அறியலாம் என்று சிலர் பேசத் தொடங்கியிருப்பதால்தான் இக்கடிதம். குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புகளில் களப்பணியாளனாகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று, என்ன வாங்கினீர்கள், என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுதி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தப் புதிய முறை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் முறையைப் பற்றிச் சில சொற்கள். 2002-ஆம் ஆண்டில் போ பாங், லில்லியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவரும் ஆங்கிலத் திரைப்பட விமர்சனங்களைக் கணினிக்குக் கொடுத்து, இது பாராட்டா, குறையா என்று பிரிக்கச் செய்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 83 விமர்சனங்களைக் கணினி சரியாகப் பிரித்தது. அதன்பின் இத்துறை வேகமாக வளர்ந்தது. உணவுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. அமேசான் தளத்தில் 1999 அக்டோபர் முதல் 2012 அக்டோபர் வரை உணவுப் பொருள்களுக்கு எழுதப்பட்ட 5,68,454 மதிப்புரைகளின் தொகுப்பு இன்றும் உலகெங்கும் மாணவர்களின் பயிற்சிப் பொருளாக இருக்கிறது. கணினிக்கு உண்மையில் எதுவும் சுவைப்பதில்லை. மனிதர்கள் முன்கூட்டியே பாராட்டு, குறை என்று முத்திரையிட்டுக் கொடுத்த சில ஆயிரம் கருத்துகளிலிருந்து எந்தெந்தச் சொற்சேர்க்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கற்றுக்கொண்டு, புதிதாக வரும் கருத்தை அந்தக் கணக்கில் எடைபோடுகிறது. ஆகவே முத்திரையிட்டவர் யார், எந்த மொழியில், எந்தப் பொருளைப் பற்றிய கருத்தில் முத்திரையிட்டார் என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

தமிழில் இந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2020-இல் பாரதி ராஜா சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் படித்து முத்திரையிடச் செய்து வெளியிட்டார்கள். தமிழில் இத்துறைக்குக் கிடைத்த முக்கியமான தொகுப்புகளில் அது ஒன்று. அந்தக் கருத்துகளில் 10,559 பாராட்டு. 2,037 மட்டுமே குறை. 1,801 இரண்டும் கலந்தவை. எஞ்சியவை எப்பக்கமும் சேர்க்க முடியாதவையும் தமிழே அல்லாதவையும். அதாவது, ஒரு கருத்தைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் பாராட்டு என்று முத்திரை குத்தும் ஒரு நிரல் இருந்தால், அதுவும் நூற்றுக்கு 67 கருத்துகளில் சரி என்று மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே 70 விழுக்காடு துல்லியம் என்று எவரேனும் அறிவித்தால் மயங்க வேண்டியதில்லை. இன்னொன்று: அந்தக் கருத்துகள் திரைப்பட முன்னோட்டங்களுக்கு எழுதப்பட்டவை. முன்னோட்டத்தைப் புகழ்ந்த சொற்களில் பயிற்சி பெற்ற கணினியிடம் மீன் குழம்பைப் பற்றிக் கேட்டால் அது எந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்லும்?

என் அண்ணனின் பேத்தி பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டில் படிக்கிறாள். அவளுடைய செயல்திட்டமே உணவகங்களைப் பற்றிய தமிழ்க் கருத்துகளைப் பகுப்பாய்வதுதான். கணினி தந்த முடிவுகளை அச்செடுத்துக் கொண்டுவந்து, "தாத்தா, நீங்களும் ஒருதரம் பாருங்க" என்று என் முன் வைத்தாள். "பிரியாணி மரண டேஸ்ட் ப்ரோ" என்பது குறை என்ற பட்டியலில் இருந்தது. மரணம் என்ற சொல் அதை அங்கே தள்ளியிருக்கிறது. "சாம்பார் சூப்பர், பருப்பு போடத்தான் மறந்துட்டாங்க" என்பது பாராட்டுப் பட்டியலில் மேலாக இருந்தது. "எங்க அம்மா வைக்கிற குழம்பு பக்கத்துல வராது" என்பதற்குக் கணினி எந்த முத்திரையும் இடவில்லை. அது கடைக்கு வைத்த குட்டு என்று தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். "குறை சொல்ற மாதிரி இல்ல" என்பதில் குறை என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும் சேர்ந்து அதைப் படுபாதாளத்தில் தள்ளியிருந்தன. இவையெல்லாம் பெரிய பயிற்சித் தரவுகள் வரவரச் சரியாகிவிடும் என்றாள் அவள். பெருமளவு சரியாகலாம், மனிதர் எழுத்தைப் பெருமளவில் படித்துப் பயின்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகள் என்ற நிரல்கள் இத்தகைய கிண்டலை முன்பைவிட நன்றாகவே பிடிக்கின்றன என்பதை அவளே செய்து காட்டினாள். ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் வழக்கமும்கூட இனி பெரிய தடையாக இருக்கப் போவதில்லை.

எனவே கணினி தமிழைத் தவறாகப் படிக்கிறது என்பதை என் முதன்மையான வாதமாக வைக்க நான் விரும்பவில்லை. ஒவ்வொரு கருத்தையும் தமிழ்ப் புலவர் ஒருவர் உட்கார்ந்து பிழையின்றிப் படித்தாலும் நீங்காத குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கருத்து எதைப் பற்றியது, யாருடையது என்பதே அது.

வீட்டுக்கு வரவழைத்த உணவுக்கு எழுதப்படும் கருத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தி கொண்டுவந்த தாள்களில் ரசத்துக்கு மிகக் கெட்ட பெயர். படித்துப் பார்த்தால் ரசத்தின் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உறை கிழிந்து பை முழுவதும் ரசம் ஊற்றிவிட்டது, சாதம் நனைந்துவிட்டது, ஆறிப்போய் வந்தது, கேட்டும் தரவில்லை என்பவையே குற்றச்சாட்டுகள். ரசம் ஒழுகும் பொருள், பிரியாணி ஒழுகாது. இதை வைத்துத் தமிழர்களுக்கு ரசம் பிடிக்கவில்லை, பிரியாணி பிடித்திருக்கிறது என்று எழுதினால் அதைவிட அபத்தம் வேறில்லை. இத்துறை அறிஞர்களும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். 2014-இல் செம்இவால் என்ற பன்னாட்டு ஆய்வுப் போட்டியில் உணவகக் கருத்துகளை உணவு, சேவை, விலை, சூழல், பிற என்று கூறுபிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே உணர்வைக் காணச் சொன்னார்கள். ஆனால் நாளிதழ்களுக்கு வரும் ஆய்வுச் செய்திகளில் இந்தப் பிரிவினை பெரும்பாலும் காணாமற் போய், ஊருக்கு ஓர் உணவு என்று வண்ணப்படம் மட்டும் மிஞ்சுகிறது.

சமையல் காணொளிகளின் கீழ் எழுதப்படுபவை இன்னொரு வகை. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. வயல்வெளியில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி கொதிப்பதைப் பார்த்து, நாக்கில் எச்சில் ஊறுகிறது என்று எழுதுபவர் துபாயில் ஓர் அறையில் குப்பூஸ் ரொட்டி தின்றுகொண்டிருக்கலாம். ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று எழுதுபவரும் அப்படியே. அந்தக் கருத்துகளில் உள்ள உணர்வு உண்மையானதுதான். ஆனால் அவர் எதைப் பார்க்க விரும்புகிறார் என்பதற்கும், கையில் உள்ள காசுக்கு நாளைக்கு எதை வாங்குவார் என்பதற்கும் தொடர்பு மிகவும் மெல்லியது.

இனி யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33.3 பேர், ஆண்கள் 57.1 பேர். அதன்பின் இந்த இடைவெளி குறைந்திருக்கக்கூடும். ஆனால் இணையத்தில் உலவுவது வேறு; முன்பின் அறியாதவர்கள் படிக்கும்படி கருத்து எழுதுவது வேறு. நம் வீடுகளில் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவர், மீதமானதைக் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுபவர், பெரும்பாலும் பெண்ணாக இருக்கையில், கருத்துத் தரவில் ஆண் குரலே ஓங்கி நின்றால் அதிலிருந்து எந்தக் குடும்பத்தின் உணவை அறியப் போகிறோம்? 2013-இல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியுடன் தொடங்கிய அம்மா உணவகத்தில் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும் சுமைதூக்கும் தொழிலாளி, கை கழுவியதும் கைபேசியை எடுத்து நட்சத்திரம் போடுவதில்லை. நியாயவிலைக் கடை அரிசிச் சோற்றுக்கு மதிப்புரை எழுதியவரை நான் கண்டதில்லை. அன்றாடம் உண்ணும் உணவு பேச்சுக்கு வராது. மிகவும் பிடித்தபோதும் மிகவும் கோபம் வந்தபோதும்தான் மனிதர் எழுத உட்காருகிறார். நடுவில் உள்ள முந்நூறு நாள் சாப்பாடு தரவில் ஏறுவதே இல்லை.

அந்த நடுவில் உள்ளதைத்தான் கணக்கெடுப்பு தேடிப் போகிறது. 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2,61,746 குடும்பங்களிடம் கேட்கப்பட்டது. அரிசி, பருப்பு போன்றவற்றுக்குக் கடந்த 30 நாள் கணக்கும், கறி, மீன், முட்டை, காய்கறி, எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கும் கேட்பது வழக்கம். என் காலத்தில் தாளில் எழுதினோம். இப்போது கையடக்கக் கணினியில் பதிகிறார்கள். வீட்டாரிடம் பேசிக் கேட்டறிவது மாறவில்லை. கறி எவ்வளவு எடுத்தீர்கள் என்றால் எவரும் உடனே கிராமில் சொல்ல மாட்டார்கள். "போன ஞாயிறு கோழி எடுத்தோம், அரைக் கிலோ" என்று ஒரு தாய் சொல்வார். உள்ளேயிருந்து மகன், "அதுக்கு முந்தின வாரமும்தாம்மா" என்பான். "அன்னிக்கு அமாவாசைடா, எங்க எடுத்தோம்?" என்று அவர் திருத்துவார். வந்த விருந்தாளிக்காக வாங்கியதா, வீட்டாருக்கா, தோட்டத்துக் கீரையா, கடைக் கீரையா, இலவசமாக வந்த அரிசி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்தால்தான் ஒரு வீட்டின் சாப்பாடு தாளில் இறங்கும். ஓராண்டு முழுவதும் இது பரவலாக நடப்பதற்குக் காரணமும் உண்டு. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும். ஐப்பசி பிறந்ததும் கறிக்கடையில் கூட்டம் நெரியும். புரட்டாசியில் மட்டும் கேட்டாலும் தவறு, ஐப்பசியில் மட்டும் கேட்டாலும் தவறு. இணையக் கருத்தில் இந்த இல்லாமை பதிவாகாது; சாப்பிடாமல் இருந்ததைப் பற்றி யாரும் நட்சத்திரம் போட இயலாதல்லவா?

கணக்கெடுப்புக்கும் குறை உண்டு என்பதை மறைக்கவில்லை. வெளியே தின்றதை வீட்டில் சொல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிவு வெளிவரக் காலம் பிடிக்கிறது. எவ்வளவு வாங்கினார் என்பது தெரிந்தாலும் எதை ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போனார் என்பது தெரியாது. பிறப்பு, இறப்பு விகிதங்களை அறிய ஒன்றிய அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2014-ஆம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் அசைவம் உண்பவர்கள் என்று வந்தது. ஆனால் வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா, விலை குறைந்தால் எத்தனை முறை என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை. அத்தகைய இடங்களில் இணையக் கருத்துகள் துணைக்கு வரலாம் என்பதை ஏற்கிறேன்.

கருத்துகளிலேயே போலி எவ்வளவு என்ற கவலையும் இருக்கிறது. மைக்கேல் லூக்கா என்ற ஹார்வர்டு பேராசிரியர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தரவை ஆராய்ந்து, உணவகங்களுக்கு மக்கள் கருத்தும் நட்சத்திரமும் இடும் யெல்ப் என்ற தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால், பெருநிறுவனக் கிளைகள் அல்லாத தனி உணவகங்களின் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதாக 2011-இல் எழுதினார். பணம் இருக்கும் இடத்தில் போலி வராமலா இருக்கும்? பாஸ்டன் நகரத்து உணவகக் கருத்துகளில் சுமார் 16 விழுக்காட்டை அந்தத் தளமே ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கியிருந்ததை அவரும் இன்னொருவரும் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை இணைய மதிப்புரைகளுக்காக வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்த தரநிலை அது.

இந்த முறை எங்கே நன்றாகப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதில்தான் அதன் இயல்பு தெரிகிறது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, 2012 ஜூலை முதல் 2013 மார்ச் வரை யெல்ப் தளத்தில் வந்த சுமார் 2,94,000 உணவகக் கருத்துகளை ஒரு நிரலைக் கொண்டு அலசியது. உணவால் உடல்நலம் கெட்டதற்கான குறிப்பு உள்ளவையாக 893 கருத்துகளை நிரல் பொறுக்கியெடுத்தது. அவற்றை நோய்ப்பரவல் அறிந்த அலுவலர் ஒருவர் படித்து, 468 கருத்துகள் அண்மையில் நேர்ந்த உணவுவழி நோயைக் குறிப்பதாக உறுதிசெய்தார். அவற்றில் வெறும் 3 விழுக்காடு மட்டுமே நகரத்தின் புகார்த் தொலைபேசிக்கு ஏற்கெனவே வந்திருந்தன. எழுதியவர்களைத் தொடர்புகொண்டு விசாரித்ததில், எவரும் அதுவரை அறியாத மூன்று நோய்த்தாக்க நிகழ்வுகள் தெரியவந்தன. 16 பேர் நோயுற்றிருந்தார்கள். அந்த உணவகங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் போனார்கள். இங்கே யாரும் நியூயார்க் மக்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. எழுதியவர் ஒருவராக இருந்தாலும் போதும், அவர் சொன்ன வாந்தி பேதி உண்மையாக இருந்தால் போதும். அவர் நகரத்தின் பிரதிநிதியாக இருக்கத் தேவையில்லை. கணினி பொறுக்கியது, மனிதர் படித்தார், மறுபடி மனிதரே நேரில் போய்ப் பார்த்தார். நம் ஊரில் உணவுப் பாதுகாப்புத் துறை இதைச் செய்யத் தொடங்கினால் முதல் ஆளாக வரவேற்பேன். ஷவர்மா, கெட்டுப்போன கறி என்று செய்தி வந்த பிறகு ஊர் முழுவதும் சோதனை நடத்துவதைவிட, வாரந்தோறும் கருத்துகளை அலசிச் சந்தேகத்துக்குரிய கடைகளை முன்கூட்டியே பார்ப்பது மேல்.

விருப்பத்தை அறியவோ, மக்கள் உண்மையில் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். 2023-இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்ற முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது. இணையத்தில் சிறுதானியத்துக்குக் கிடைத்த புகழுக்கு அளவே இல்லை. ஆனால் எத்தனை அட்டைதாரர்கள் அரிசியை விட்டுக் கேழ்வரகை வாங்கினார்கள், ஒருமுறை வாங்கியவர் மறுமாதமும் வாங்கினாரா என்பது அந்தக் கடையின் விற்பனைக் கருவியில் பதிவாகியிருக்கும். ஓராயிரம் பாராட்டுக் கருத்துகளைவிட அந்தப் பதிவு நம்பகமானது. 2023 ஆகஸ்டு 25 அன்று திருக்குவளையில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்திலும் அப்படித்தான். 2025-26 கல்வியாண்டில் திங்கட்கிழமை உப்புமாவின் இடத்தில் பொங்கலும் சாம்பாரும் வந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எந்தத் தளத்திலும் கருத்து எழுதுவதில்லை. தட்டில் மிச்சம் வைக்கும். எந்தக் கிழமை எவ்வளவு மிஞ்சியது என்று சமையல் பொறுப்பாளர் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தால், அதற்கு எந்தக் கணினி நிரலும் வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இணையக் கருத்துகளைக் கொண்டு மக்களின் உணவு விருப்பத்தைக் கண்டறிந்ததாக எந்த நிறுவனமோ கல்லூரியோ செய்தி அனுப்பினாலும், கருத்துகள் எந்தத் தளத்திலிருந்து, எந்த மாதங்களில் எடுக்கப்பட்டவை, எத்தனை பேர் எழுதியவை, அவற்றில் எத்தனையை மனிதர்கள் படித்துச் சரிபார்த்தார்கள், கணினியின் முடிவு மனிதர் முடிவோடு எந்த அளவுக்கு ஒத்துப்போனது, சுவையைப் பற்றிய கருத்தையும் சேவையைப் பற்றிய கருத்தையும் பிரித்தார்களா என்ற விவரங்களைக் கேட்டு வாங்கி, செய்தியோடு சேர்த்து அச்சிட வேண்டும். விவரம் தர மறுப்பவர்களின் வண்ணப்படத்தை வெளியிடாமல் விடலாம். காலை உணவுத் திட்டத்தை நடத்தும் சமூக நலத்துறை, பள்ளிவாரியாக உணவு மிச்சத்தின் பதிவேட்டைத் தொடங்கி, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புள்ளியியல் களப்பணியாளர்,
திருச்சிராப்பள்ளி.